ஆறாம் கூறு

கறிச் சமையலுக்கு நான் வர்றதில்லீங்க தம்பி. உங்களை அனுப்புனவங்க அதைச் சொல்லலையா? உக்காருங்க, நின்னுட்டே பேசாதீங்க. அந்த ஸ்டூலைத் தொடச்சுட்டு உக்காருங்க, ஓட்டுல ஒழுகுது. காதுகுத்து, கெடா வெட்டு, நூத்தம்பது பேருன்னு சொல்றீங்க. சந்தோசம். குழந்தை நல்லா இருக்கோணும். ஆனா கறி நம்மளால ஆகாதுங்க. பச்சப்பயிறு கடையல், தக்காளி ரசம், ஒப்பிட்டு, பாயசம், எது வேணும்னாலும் சொல்லுங்க, நாக்குல நிக்கற மாதிரி பண்ணித் தர்றேன். கறி மட்டும் வேண்டாம். இந்தக் கையில கறியைத் தொட்டு மூணு வருசம் ஆச்சு.

வேண்டுதலைன்னு நினைச்சுட்டீங்களா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாத்தம். கறின்னாலே எனக்கு ஒரு நாத்தம் வருது. பச்சைக் கறி, வெந்த கறி, எல்லாம் ஒண்ணுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கோழிக்கடையைத் தாண்டறப்ப மூச்சைப் புடிச்சுட்டுத்தான் தாண்டுவேன். முப்பது வருசம் கறிச் சமையல்ல பேரு எடுத்தவன். சத்தியில இருந்து கோபி வரைக்கும் நஞ்சப்பன் கைக் கறின்னா ஒறம்பரை ரெண்டு நாளைக்கு முன்னாலயே வந்து எறங்கிக்கும். அப்படி இருந்தவன்.

ஊருக்குள்ள வேற மாதிரி சொல்லியிருப்பாங்க. சொல்லட்டும். நீங்க அசலூரு, உங்களுக்கு இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. நான் நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுப்போட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைக் கையில தொட்டதில்லை. நான் தொட்டது கரண்டியும் கத்தியும்தான். என்னைச் சமையலுக்குக் கூப்பிட்டாங்க, போனேன். எங்க கூப்பிட்டாலும் போவேன். கல்யாணம்னாலும் போவேன், கருமாதின்னாலும் போவேன். எனக்கு ரெண்டும் ஒரே அடுப்புத்தான்.

அப்பறம் என் குரல். இப்ப மெதுவாப் பேசறேன், உங்களுக்குத் தெரியாது. பந்தியில நின்னு "அடுத்த பந்தி வரலாமுங்கோ"ன்னு ஒரு சத்தம் போட்டன்னா மைக் செட்டுக்காரன் திரும்பிப் பாப்பான். அக்கரைத் தோட்டத்துல மாடு மேய்க்கறவன் கையைக் கழுவிட்டு வந்துருவான். எங்கப்பனுக்கும் இதே தொண்டை. இதை எதுக்குச் சொல்றேன்னா, சும்மா சொல்றேன்.

மலையடிவாரத்துல தரணிபதின்னு ஒருத்தரோட தோட்டம் இருக்குது. பெரிய எடம். வாழை, மஞ்சள், அதுக்கு மேல காடு. நடுவுல ஒரு பள்ளம், மழை பெய்ஞ்சா தண்ணி வரும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் அவரோட சாளை, தோட்டத்து ஊடுங்க, அந்தப் பக்கம் பாறையும் காடும். சாளையில இருந்து ஊருக்குள்ள வரோணும்னா அதே பள்ளத்தைக் கீழ ஒரு தரைப்பாலத்துல தாண்டோணும். தண்ணி ஏறுச்சுன்னா பாலம் முங்கிப் போயிரும். இதை மனசுல வெச்சுக்குங்க.

அந்த ஐப்பசியில அஞ்சு நாளா விடாத மழை. காலையில தரணிபதி போன் பண்ணறாரு. "நஞ்சா, டவுன்ல இருந்து ரெண்டு சினேகிதங்க வந்திருக்கறாங்க, நீ வந்துரு." எதுக்குன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை. மழையில கூப்பிட்டா எதுக்குன்னு தெரியாதா?

ஏனுங்க, மழையில எதுக்கு வேட்டைன்னு நீங்க கேப்பீங்க. மழைதான் தம்பி மானுக்கு எமன். வெயில் காலத்துல ஒரு சருகை மிதிச்சாப் போதும், மானு நாலு காடு தாண்டிப் போயிரும். மழையில சருகு நனைஞ்சு போய் சத்தமே வராது. சொட்டு விழற சத்தத்துல அதுக்குக் காது வேற கேக்காது. காது கேக்கலைன்னா அது மரத்துக்கடியில நிக்கப் பயப்படும், வெட்டவெளியில வந்து நின்னுக்கும். பாரஸ்ட் வாட்ச்சருங்களும் கொட்டாயை விட்டு வெளிய வர மாட்டாங்க. இதெல்லாம் எனக்கு ஜடையன் சொன்னது.

ஜடையன் மேல பதியில, மலைக்காரங்க குடியிருப்புல இருக்கறவன். அந்தக் காட்டுல ஒவ்வொரு பாறைக்கும் அவனுக்குப் பேரு தெரியும். தோட்டத்துல காவலுக்கு இருந்தான். எனக்குப் பதினெட்டு வருசப் பழக்கம். "நஞ்சண்ணா, நஞ்சண்ணா"ன்னு வாய் நிறையக் கூப்பிடுவான். நான் சமையலுக்குப் போற எடத்துல அவனுக்குன்னு ஒரு தூக்குப்போசியில சோறு எடுத்து வெச்சுக் குடுத்து விடுவேன். என்னை மாதிரி அவனை மனுசனா நடத்துனவன் ஒருத்தனும் கிடையாது. அதை அவனே சொல்லுவான். சொல்லுவான்னா, அப்பச் சொல்லுவான்.

நான் போறப்ப சாளையில அஞ்சு பேரு. தரணிபதி, சினேகிதங்க ரெண்டு பேரு, டிராக்டர் ஓட்டற குப்புராசு, ஜடையன். என்னோட ஆறு. அந்த ரெண்டு டவுன் ஆளுங்களைப் பாத்ததுமே எனக்குப் புடிக்கலீங்க. காலையில பத்து மணிக்கே கண்ணு செவந்து கிடக்குது. ஒருத்தன் குட்டையா, கழுத்துல தடியா சங்கிலி. இன்னொருத்தன் ஒசரம், எந்நேரமும் செல்போனைத் தூக்கிப் புடிச்சு எல்லாத்தையும் படம் எடுத்துட்டே இருக்கறான். என் மொகத்துக்கு முன்னால நீட்டி, "மாஸ்டர், மான் கறிக்கு என்ன மசாலா"ங்கறான். மான் இன்னும் காட்டுல உசுரோட நிக்குது, இவன் மசாலா கேக்கறான். எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ஆனாலும் அடுப்பைக் கூட்டினேன். வந்த வேலைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்களா.

ஜடையன் காலையிலயே ஒரு சுத்துப் போய்ப் பாத்துட்டு வந்திருந்தான். சாக்கைத் தலையில முக்காடு போட்டுட்டு வாசல்லயே நின்னான், உள்ள வரலை. "பண்ணாடி, இன்னைக்கு வேண்டாமுங்க. பெட்டை மானு ஒண்ணுதான் நிக்குது. பக்கத்துல குட்டியோட காலடியும் தெரியுது. பள்ளத்துல தண்ணியும் ஏறுது"ன்னு சொன்னான். தரணிபதி கொஞ்சம் யோசிச்சாரு. நல்ல மனுசந்தான், சேர்க்கை சரியில்லை. அந்தக் குட்டையன் சிரிச்சுட்டு, "நாங்க அவ்வளவு தூரத்துல இருந்து ரசஞ்சோறு திங்கவா வந்தோம்"னான். அவ்வளவுதான், இவரு துப்பாக்கியை எடுத்துட்டாரு. நாட்டுத் துப்பாக்கி. மருந்து நமுத்துப் போகாம யூரியாச் சாக்குல சுத்தி வெச்சிருந்தாரு.

ஜடையன் என் மொகத்தைப் பாத்தான். நான் என்ன சொல்றது? வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். "போயிட்டு வா ஜடையா, வெரசா வா, உனக்கு ஈரல் எடுத்து வெக்கறேன்"னு சொன்னேன். ஆறுதலாத்தானே சொன்னேன்.

அவன் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகோணும். மேல இருந்து மானைக் கலைச்சு எறக்கி விடோணும். இவங்க இந்தப் பக்கம் மறைவுல நின்னு சுடோணும். இதுதான் ஏற்பாடு. அவன் இடுப்பளவு தண்ணியில எறங்கிப் போறதை நான் பாத்தேன். தலையில அந்தச் சாக்கு. அப்பறம் மழையில ஒண்ணும் தெரியலை.

ஒரு மணி நேரம் இருக்கும், வெடிச் சத்தம் கேட்டுது. ஒண்ணுதான். பொறவு இவங்க கத்தற சத்தம். கொண்டாந்து போட்டாங்க. புள்ளிமான். நல்ல பெட்டை. சேறும் ரத்தமுமா கொண்டாந்து சாளைத் தாவாரத்துல தொப்புன்னு போட்டாங்க. அந்த ஒசரத்துக்காரன் மானோட காதைப் புடிச்சுத் தலையைத் தூக்கி நிறுத்தி, பக்கத்துல மொகத்தை வெச்சுப் பல்லைக் காட்டறான், குட்டையன் படம் எடுக்கறான். மானோட நாக்கு வெளிய தொங்குது. இவனும் அதே மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டறான். சீ. மனுசப் பொறப்புன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துது தம்பி எனக்கு.

உரிச்சது நான்தான். வேற யாருக்குத் தெரியும்? குப்புராசு காலைப் புடிச்சுக்கிட்டான். அடிவயித்துக்குக் கத்தி வந்துது. மடி கனமா இருந்துது. கத்தி பட்டதும் பால் வந்துது தம்பி. வெள்ளையா, வெதுவெதுன்னு. ரத்தத்துல கலந்து ரோஸ் கலர்ல என் வெரலு வழியா ஒழுகுது. மழைத் தண்ணியில அது கரைஞ்சு போகக்கூட இல்லை, திட்டுத் திட்டா மெதக்குது. அந்தக் குட்டையன் அதைப் பாத்துட்டு ஓரமாப் போய் வாந்தி எடுத்தான். வாந்தி எடுத்துட்டு வந்து வாயைத் தொடச்சுட்டு, "ஈரல் வெந்துருச்சா மாஸ்டர்"னு கேட்டான். அவனை என்னன்னு சொல்றது? நான் ஈரலை மொளகு போட்டு வறுத்துத் தட்டுல வெச்சுக் குடுத்தேன். நல்லாத்தான் இருந்துது. உப்பு சரியா இருக்குதான்னு நானும் ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தேன், அது சமையக்காரனோட வேலை.

இப்பத்தான் தம்பி முக்கியமான விசயம். எங்க பக்கம் வேட்டைக் கறியைக் கூறு போடறதுக்குன்னு ஒரு மொறை இருக்குது. உங்க பக்கம் கோயில் கெடாவுக்குக்கூட அப்படித்தான் இருக்கும். எத்தனை பேரு காட்டுக்கு வந்தாங்களோ அத்தனை இலை. ஒவ்வொண்ணுலயும் தொடை, நெஞ்சு, எலும்பு எல்லாம் கலந்து ஒரே அளவா வெக்கோணும். அப்பறம் ஒருத்தன் கூறுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கோணும். இன்னொருத்தன் ஏதாச்சும் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு"ன்னு கேப்பான். திரும்பி நிக்கறவன் ஒரு பேரைச் சொல்லோணும். அவன் பாக்கலையே, அதனால ஓரவஞ்சனை கிடையாது. எப்பவும் பேரு சொல்றது நான்தான். நஞ்சப்பன் நாக்குல நேர்மை இருக்குதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

அது மட்டுமில்லை. பேரைச் சொன்னா அந்த ஆளு குரல் குடுக்கோணும். "இருக்கறேன்"னு சொல்லிப்போட்டுத்தான் எலையை எடுக்கோணும். குரல் வரலைன்னா அந்தக் கூறை மூடி வெச்சுட்டு, மத்தவங்களும் அவங்கவங்க கூறை அங்கயே வெச்சுட்டு, அத்தனை பேரும் அவனைத் தேடிப் போகோணும். காட்டுக்குப் போன ஆளு திரும்புனானா இல்லையான்னு பாக்கறதுக்காகவே பெரியவங்க வெச்சது. குரல் குடுத்தவனுக்குத்தான் கூறு.

அன்னைக்கு அஞ்சு இலைதான் போட்டு வெச்சிருந்தாங்க. நான்தான் சொன்னேன், "ஜடையனுக்கு எங்கீங்க"ன்னு. அவனைப் பத்தி ஒருத்தனுக்கும் நெனைப்பு இல்லை. நான்தான் ஆறாவது இலையை எடுத்துப் போட்டு, எல்லாத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வெச்சேன். இதை மறந்துராதீங்க. ஊருல எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

மணி நாலு இருக்கும். தரைப்பாலத்து மேல தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சுன்னு குப்புராசு பாத்துட்டு வந்து சொன்னான். இன்னும் அரை மணி நேரத்துல கெளம்பலைன்னா ஜீப்பு தாண்டாது. டவுன் ஆளுங்க பறக்கறாங்க. எனக்கும் மறுநாள் விடியக்காலம் சத்தியில ஒரு வளைகாப்புச் சமையல். ஏழு வகைச் சோறு. ஒத்துக்கிட்ட வேலை, விட முடியுமா?

நான் திரும்பி நின்னுட்டேன். எனக்கு முன்னால பள்ளமும் மழையும்தான். குப்புராசு தொட்டுக் கேக்கறான். "இது யாருக்கு?" "தரணிபதி." "இருக்கறேன்." "இது யாருக்கு?" அப்படியே போச்சு. என் தொண்டையிலதான் சொல்றேன், மழையைத் தாண்டிக் கேக்கோணுமே. கடைசிக் கூறு. "இது யாருக்கு?" "ஜடையன்"னேன்.

மழைதான் பேயுது. அப்ப அக்கரையில இருந்து ஒரு கூவல் வந்துது. "கூ"ன்னு, கொஞ்சம் இழுத்த மாதிரி. தரணிபதி, "அது யார்றா"ன்னாரு. "செம்போத்துங்க"ன்னு நான் சொன்னேன். மறுபடி ஒருக்கா வந்துது. அதுக்கப்பறமும் ஒருக்கா. செம்போத்து அப்படித்தான் கூவும், அடுத்தடுத்து. மழையில செம்போத்து கூவுமான்னு கேக்காதீங்க. கூவும். நான் கேட்டிருக்கறேன்.

"ஜடையன் எங்க"ன்னு தரணிபதி கேட்டாரு. "மானு விழுந்ததும் அவன் மேல் வழியாப் பதிக்குப் போயிருப்பானுங்க. இந்தத் தண்ணியில எதுக்குத் திரும்பித் தாண்டறான்"னு சொன்னேன். அதுதானே புத்தியுள்ளவன் செய்யறது? மேல் வழின்னு ஒண்ணு இருக்குது, சுத்து வழி. "அப்ப கூறு?"ன்னு குப்புராசு இழுத்தான். மொறை தெரிஞ்சவன், அவனுக்கு உறுத்துது. நான் அப்படியே திரும்பி நின்னபடிக்கே, நல்லாச் சத்தமா, "இருக்கறான், இருக்கறான். அவங்கூறை எங்கிட்டக் குடு, நான் சேத்தர்றேன்"னு சொல்லிப்போட்டேன். முடிஞ்சுது. எல்லாரும் கெளம்பிட்டாங்க.

நான் அந்தக் கூறைத் தேக்கெலையில சுத்தி, பாலத்தைத் தாண்டி, ஊட்டுக்குக்கூடப் போகாம நேரா பதிக்குப் போனேன். இது ஒண்ணரை மைலு ஏத்தம் தம்பி. சேறு. அட்டை வேற. காலுல இருந்து நாலு அட்டையைப் புடுங்கிப் போட்டேன். வேற எவன் போயிருப்பான்? அந்தக் கறியை நான் ஊட்டுக்குக் கொண்டு போயிருந்தா யாரு கேக்கறது?

ஜடையன் பொண்டாட்டி மாதம்மா வாசல்ல நின்னுட்டு இருந்தா. பிளாஸ்டிக் காயிதத்தைத் தலையோட போத்திக் கட்டியிருக்கறா. கையில அருவா. பக்கத்துல அவ அண்ணனும் இன்னொருத்தனும், தோள்ல கவுறு. "எங்க கெளம்பிட்டீங்க"ன்னேன். "அவரு இன்னும் வரலைங்ண்ணா. வெடி கேட்டு எவ்வளவு நேரமாச்சு. மனசு சரியில்லை, பாத்துட்டு வந்தர்றோம்"னா. அப்பத்தான் எனக்கு, அவன் மேல் வழியா வரலைன்னு தெரிஞ்சுது.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன நினைச்சேன்னா, வந்துட்டுத்தான் இருப்பான், இந்த மழையில பொம்பளை எதுக்குக் காட்டுக்குள்ள போய் அல்லாடோணும்னு நினைச்சேன். அவ நல்லதுக்குத்தான். இலையை அவ கையில குடுத்து, "பின்னால வந்துட்டு இருக்கறான் மாதம்மா. துப்பாக்கியைப் பதுக்கி வெச்சுட்டு வர்றான். நீ மசாலை அரை. வந்ததும் பசின்னு சொல்லுவான்"னு சொன்னேன். அவ என் மொகத்தையே பாத்தா. "நெசமாங்ண்ணா?"ன்னா. "பேரு கூப்புட்டுத்தானே கூறு கொண்டாந்திருக்கறேன்"னேன். மொறை அவளுக்கும் தெரியும். அருவாளைச் செருகி வெச்சுட்டு, அம்மிக்கல்லைக் கழுவப் போனா. அவ அண்ணன் கவுத்தை எறக்கி வெச்சான். நானும் கெளம்பிட்டேன். வளைகாப்புக்குப் புளி ஊற வெக்கோணுமே.

மறுநாள் பள்ளம் ரெண்டு கரையையும் முட்டிட்டு ஓடுச்சாமா. ஒருத்தரும் எறங்க முடியலை. மூணாம் நாள் மத்தியானம்தான் தண்ணி வடிஞ்சு கரையோரமா எறங்கித் தேடியிருக்கறாங்க. பாறையில வழுக்கி விழுந்து, ரெண்டு பாறைக்கு நடுவுல கிடந்திருக்கறான். சாளைக்கு நேர் எதுக்கால. மொழங்காலுக்குக் கீழ எலும்பு வெளிய வந்து, அதுல புழு வெச்சுருச்சு. உசுரு இருந்துது. பெரியாஸ்பத்திரியில கொண்டு போய்ப் போட்டாங்க. காலைத் தொடையோட எடுத்துட்டாங்க. முதல் நாளே கொண்டாந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராமா. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க எப்பத்தான் சரியான நேரத்துக்கு வந்தீங்கன்னு சொல்லியிருக்கறாங்க?

எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, வெறகு பொறுக்கப் போனப்ப விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கறான். ஒருத்தன் பேரையும் சொல்லலை. என் பேரையும்தான். பயமா இருக்கும். தரணிபதி போய்ப் பாக்கவே இல்லை. அந்த டவுன் நாயிங்களுக்குச் சேதி தெரிஞ்சுதான்னே தெரியலை. தெரிஞ்சா மட்டும் என்ன? அதையும் படம் எடுக்கத்தான் வந்திருப்பானுங்க. நினைச்சாலே காறித் துப்பத் தோணுது.

நான் போகலாம்னுதான் இருந்தேன். ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வெச்சேன். முகூர்த்த மாசம், ஒண்ணு மாத்தி ஒண்ணு சமையல். தள்ளிட்டே போச்சு. பழம் அழுகிப் போச்சு.

பன்னெண்டு, பதிமூணு நாளு இருக்கும். மாரியம்மன் கோயில்ல அன்னதானம், முன்னூறு பேருக்கு நான்தான் சமையல். சாம்பாரு கொதிக்குது. பந்திக்கு ஆளுங்க உக்காந்துட்டாங்க. கூட்டத்தை வெலக்கிட்டு மாதம்மா வர்றா. கையில ஒரு மண்சட்டி, மேல தட்டுப் போட்டுத் துணியில கட்டியிருக்குது. ஏதோ பலகாரம் கொண்டாந்திருக்கறா, கறி கொண்டு போய்க் குடுத்ததுக்கு நன்றி சொல்ல வந்திருக்கறாளாட்டன்னு நினைச்சேன். நெசமாத்தான் தம்பி, அப்படித்தான் நினைச்சேன். "வா மாதம்மா, ஜடையன் எப்படி இருக்கறான்"னேன்.

அவ என் அடுப்புக்குப் பக்கத்துல சட்டியை வெச்சுத் துணியை அவுத்தா. தட்டை எடுத்தா.

என்னன்னு சொல்றது. அன்னைக்கு ஆக்குன கறி. வேட்டைக்குப் போனவன் சாப்படாம ஊட்டுல ஒருத்தரும் தொட மாட்டாங்க அவங்க. அவன் வருவான் வருவான்னு மூடியே வெச்சிருந்திருக்கறா. பச்சையா பூஞ்சை கட்டி, அதுக்குள்ள கொளகொளன்னு எல்லாம் நெளியுது. அந்த நாத்தம் இருக்குதே, முன்னூறு பேரும் மூக்கைப் பொத்துனாங்க. முதப் பந்தியில பாதிப் பேரு எலையை விட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. சாமி சன்னதி தம்பி. கறிச்சட்டியைக் கொண்டாந்து வெக்கற எடமா அது? எனக்கு வந்த கோவத்துக்கு, பொம்பளைன்னு பாத்தேன்.

அவ சத்தம் போடலை. அழுவவும் இல்லை. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா. "பேரு கூப்புட்டீங்களாமாங்ண்ணா. அவருக்குக் கேட்டுதாமா. நேர் எதுக்காலதானே கிடந்தாரு. கூப்புட்டதும் குரல் குடுத்தாராமா. மூணு தரம். 'நஞ்சண்ணன் கூப்புட்டுருச்சு, இனி வந்துரும்'னு கிடந்தாராமா. அப்பறம் நீங்க 'இருக்கறான்'னு சொன்னதும் கேட்டுதாமா."

சொல்லிப்போட்டு, சட்டியை என் காலுக்குப் பக்கத்துல நகத்தி வெச்சா. "இது உங்க கூறுங்ண்ணா. குரல் குடுத்தவங்களுக்குத்தானே கூறு"ன்னா. போயிட்டா.

பாத்தீங்களா தம்பி? இதுதான் நன்றி. அந்த மழையில, அட்டைக் கடியில, ஒண்ணரை மைலு ஏறிப் போய்க் கறி குடுத்தவனுக்கு நாலு பேரு முன்னால இந்த மரியாதை. அன்னைக்குச் சட்டியைக் கொண்டு போய்க் குழி தோண்டிப் பொதைச்சதும் நான்தான், வேற எவனும் கிட்ட வரலை. அன்னைக்குப் புடிச்ச நாத்தம். சீயக்காய் போட்டுக் கழுவுனேன், சாம்பல் போட்டுத் தேச்சேன், எலுமிச்சையைத் தேச்சேன். இந்தாங்க, மோந்து பாருங்க. வர்லையா? எனக்கு வருது. அவ வேணும்னே என் பொழப்பைக் கெடுத்துட்டா. நீங்களே சொல்லுங்க ஞாயத்தை.

சரி விடுங்க, உங்களுக்கு எதுக்கு இந்தக் கருமாந்திரம் எல்லாம். நல்ல காரியத்துக்கு வந்திருக்கறீங்க.

என்னங்க? கறிச் சமையலுக்கு வேற ஆளு பாத்துக்கறீங்களா? அப்பறம் நான் எதுக்கு? ஓ. கோயில்ல பங்காளிங்களுக்குப் பச்சைக் கறி கூறு போடறப்ப நின்னு பேரு சொல்றதுக்கா. நாப்பது பங்காளி. கூட்டத்துல கேக்கற மாதிரி தொண்டை உள்ள ஆளு வேணும், ஓரவஞ்சனை இல்லாத ஆளு வேணும்னு உங்கப்பா சொல்லி அனுப்புனாரா.

வேண்டாமுங்க தம்பி. அதுக்கு மட்டும் வேண்டாம். உங்கப்பாகிட்டச் சொல்லிருங்க, நான் கறியே சமைச்சுத் தர்றேன். மூக்குல துணியைக் கட்டிக்கிட்டாவது சமைச்சுத் தர்றேன். நூத்தம்பது பேருக்கும் நானே வெட்டி, நானே கழுவி, நானே ஆக்கி எறக்கி வெக்கறேன். எங்கையால கறியை அள்ளிக்கூட வெக்கறேன். திரும்பி நின்னு பேரு கூப்படறதுக்கு மட்டும் வேற யாரையாச்சும் பாருங்க.